நெடுவில்லின் முதுகுப்பட்டை: எத்தனை மில்லிமீட்டர் போதும்?

கேள்வி: “வெளித்தளம் போட விற்கும் (டெக்கிங்) பலாவ் மரப் பலகையை வயிறாக வைத்து ஆங்கிலேய பாணி நெடுவில் ஒன்று செய்கிறேன். நீளம் 72 அங்குலம். 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு இழுவிசை வர வேண்டும். முதுகில் ஒட்ட 6 மி.மீ. தடிமனில் ஹிக்கரி மரக் கீற்று (பட்டை) ஒன்று இருக்கிறது. அப்படியே ஒட்டலாமா, 3 மி.மீ.க்கு இழைக்க வேண்டுமா? தடிமனாக இருந்தால் உடையாதுதானே?”

இழைத்துவிடுங்கள். பிடிக்கு அருகே 3 மி.மீ., கையின் நடுவில் 2.5, நுனியில் 2. உங்கள் வில்லுக்கு இது போதும். 6 மி.மீ. ஒட்டினால் முதுகு உடையாது என்பது உண்மைதான். ஆனால் வயிறு நசுங்கும், வில் வளைந்தபடியே நின்றுவிடும், நுனிப் பக்கம் பசை விட்டுக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். பட்டையின் தடிமனை முதுகை மட்டும் பார்த்து முடிவு செய்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. வயிற்று மரம் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அந்த அளவை முடிவு செய்கிறது.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள் கைகள். நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு அமுங்குகிறது. இடையில் எங்கோ ஓரிடத்தில் நீளவும் செய்யாத, அமுங்கவும் செய்யாத ஒரு தளம் இருக்கிறது. அதை நடுநிலைத் தளம் என்போம். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு இழுபடும், அல்லது அமுங்கும். மேற்பரப்பில்தான் அது உச்சம்.

உங்கள் வில் பிடிக்கு அருகே 28 மி.மீ. அகலம், 21 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கையின் நடுவில் தடிமன் 17, நுனி நெருங்கும்போது 12. இந்த மரத்தில் 40 பவுண்டுக்கு ஏறத்தாழ இந்த அளவில்தான் வந்து நிற்கும். 21 மி.மீ. தடிமனில் மேல் 3 மி.மீ. ஹிக்கரி என்றால், அதன் அடியில் தொடங்கும் பலாவ், மேற்பரப்பின் நீட்சியில் 71 விழுக்காட்டைத்தான் சந்திக்கிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுமை அதற்குக் குறைந்துவிட்டது. பட்டை ஒட்டுவதே இதற்காகத்தான். 6 மி.மீ. வைத்தால் அது 43 விழுக்காடாகக் குறையும். ஆனால் 71 விழுக்காட்டையே பலாவ் சிரமமில்லாமல் தாங்கும்போது, அதற்குக் கீழே இறக்குவதில் லாபம் ஏதும் இல்லை. நஷ்டம்தான் இருக்கிறது.

விறைப்பைப் பார்ப்போம். செவ்வக வெட்டு, இரண்டு மரமும் ஒரே விறைப்பு என்று எளிமையாக வைத்துக் கணக்குப் போட்டால், 21 மி.மீ. கையில் 3 மி.மீ. பட்டை மொத்த விறைப்பில் 32 விழுக்காட்டைச் சுமக்கிறது. தடிமனில் ஏழில் ஒரு பங்கு, வேலையில் மூன்றில் ஒரு பங்கு. 6 மி.மீ. ஆக்கினால் பங்கு இரட்டிப்பாகாது, 46 விழுக்காடுதான் வரும். மரத்தை இரண்டு மடங்காக்கியும் பலன் ஒன்றரை மடங்குக்கும் குறைவு. வெளித்தோல் மட்டுமே முழு வேலை செய்கிறது, உள்ளே போகப் போக மரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அதே 6 மி.மீ. பட்டை நுனிவரை மாறாமல் போனால், 12 மி.மீ. தடிமனில் அது சரிபாதி. பசைக்கோடு நேராக நடுநிலைத் தளத்திலேயே போய் விழுகிறது. அங்கே நீட்சி இல்லை, அமுக்கம் இல்லை, ஆனால் இரண்டு அடுக்குகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் சறுக்குவிசை அங்குதான் உச்சம். 21 மி.மீ.யில் 3 மி.மீ. பட்டை என்றால் பசைக்கோடு அந்த உச்சத்தில் பாதியைத்தான் தாங்க வேண்டும், 12 மி.மீ.யில் 2 மி.மீ. என்றால் 56 விழுக்காடு. பட்டை மெலிந்தால் பசைக்கும் ஓய்வு. தடித்த பட்டை ஒட்டிய வில்களில் நுனி அருகே பசை வாய் திறப்பதற்குப் பசையின் தரத்தை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

அடுத்தது வயிறு. காய்ந்த, குறையில்லாத மரம் இழை நெடுக, அமுக்கத்தைவிட இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்கு தாங்கும். ஹிக்கரியோ இழுவையில் மிகப் பலசாலி. முதுகில் ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது, வயிற்றில்தான் பற்றாக்குறை. ஆங்கிலேய பாணி வில்லின் வடிவம் இதை இன்னும் மோசமாக்குகிறது. முதுகு தட்டை, வயிறு உருண்டை. முழு அரைவட்டமாக உருட்டிவிட்டால் வயிற்றின் உச்சி, முதுகைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக அமுங்கும். அதனால் வயிற்றை ஆழமாக உருட்டாதீர்கள். பிரிட்டிஷ் லாங் போ சொசைட்டியின் விதி, தடிமன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்பதுதான். 28 மி.மீ. அகலத்துக்கு 17.5 மி.மீ. போதும். அந்த விதிக்குள்ளேயே வயிற்றின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக விட்டு, ஓரங்களை மட்டும் நன்றாக உருட்டலாம்.

யூ மரத்து வில்லில் வெளிர்நிற மேல்மரம் 6, 7 மி.மீ. இருக்கிறதே, அது மட்டும் எப்படி என்று கேட்கலாம். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த வில்களும் அப்படி ஒற்றை யூ கட்டையில், மேல்மரத்தை முதுகாக வைத்துச் செய்யப்பட்டவைதான். ஆனால் யூ, ஹிக்கரி அளவு விறைப்பானதல்ல. மேல்மரமும் உள்மரமும் ஒன்றாகவே வளர்ந்தவை, நடுவில் பசைக்கோடே கிடையாது. யூவின் அளவை ஹிக்கரிக்கு அப்படியே பொருத்த முடியாது.

சிங்கப்பூரில் செய்பவருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. இங்கே விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது, பிற்பகலில் 60-ஐ ஒட்டி இறங்குகிறது, ஆண்டுச் சராசரி 80-க்கும் மேல். ஜன்னல் திறந்த அறையில் கிடக்கும் மரம் நாளடைவில் 16 விழுக்காடு ஈரத்தில் போய் நிற்கும். ஏர்கான் ஓடும் அறையில் 10, 11. வெளிநாட்டு வில்லாளர்கள் எழுதும் அளவுகள் பெரும்பாலும் 8, 9 விழுக்காட்டு மரத்துக்கானவை. மரத்தின் ஈரம் ஒரு விழுக்காடு ஏறினால் விறைப்பு 2 விழுக்காடு அளவுக்குக் குறையும், அமுக்க வலுவோ 5, 6 விழுக்காடு குறையும். 10-லிருந்து 16-க்குப் போனால் வயிறு தன் வலுவில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. இழைநெடுக்கான இழுவை வலு அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ஆக இந்த ஊர்க் காற்று வயிற்றைத் தளர்த்துகிறது, முதுகை ஏறக்குறைய அப்படியே விடுகிறது. குளிர்நாட்டில் 4 மி.மீ. ஹிக்கரியோடு ஒழுங்காக நிற்கும் வில், இங்கே அதே அளவில் வளைந்து உட்கார்ந்துவிடும். ஹிக்கரி ஈரத்தை விரும்பி உறிஞ்சும் மரம் என்பதையும், ஈரம் ஏறினால் அது மந்தமாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 1 மி.மீ. வைத்துவிடலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. பலாவின் இழை பின்னிப் பின்னி ஓடும். ஓர் அடுக்கில் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கில் மறுபக்கம். மெர்பாவ், செங்கால் மரங்களும் இப்படித்தான். பின்னல் இழை அமுக்கத்தில் நன்றாக நிற்கும், இழுவையில் எங்காவது ஓர் இழை வெளியே வந்து முடியும் இடத்தில் பிளந்துகொள்ளும். இந்த மரங்களில் பட்டை இல்லாமல் வில் செய்வதே ஆபத்து என்பதும் அதனால்தான். பட்டை 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் அடிமரம் முழு நீட்சியையும் கிட்டத்தட்ட அப்படியே சந்திக்கும், பட்டை வெறும் அலங்காரமாகிவிடும். அதோடு, ஓரத்தை உருட்டும்போதும் சாண்ட்பேப்பர் போடும்போதும் அரை மில்லிமீட்டர் காணாமல் போவது சாதாரணம். 3-இல் அரை போனால் சமாளிக்கலாம், 1.5-இல் அரை போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆகவே மனத்தில் வைக்க ஓர் அளவு: அந்தந்த இடத்து மொத்தத் தடிமனில் ஏழில் ஒரு பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்குவரை பட்டை. 21-க்கு 3, 17-க்கு 2.5, 12-க்கு 2. இப்படிச் சரித்துக்கொண்டு போனால் பட்டையின் பங்கு கை முழுவதும் 32 முதல் 35 விழுக்காட்டுக்குள் நிற்கும். 3 மி.மீ.யை மாற்றாமல் நுனிவரை விட்டால் அங்கே அது 44-க்கு ஏறிவிடும். நுனியில் வில் அதிகம் வளையாது என்பதால் உடனே கெடுதல் தெரியாது, ஆனால் அந்த எடை நுனியில் இருப்பதால் அம்பின் வேகத்தைத் தின்னும். 70 பவுண்டு வில்லில் பிடி அருகே தடிமன் 27 வந்தால் பட்டை 4 மி.மீ. வைக்கலாம். 5-க்கு மேல் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வயிற்று மரம் மாறினால் அளவும் மாறும். மேலே சொன்னவை மஞ்சள் பலாவ், செங்கால், இப்பே போன்ற கனத்த மரங்களுக்கு. உங்களிடம் இருப்பது எந்தப் பலாவ் என்று முதலில் பாருங்கள். டெக்கிங் கடைகளில் சிவப்பு பலாவும் அதே பெயரில் விற்கப்படுகிறது, அது இலேசானது. நன்கு காய்ந்த 1830 × 30 × 20 மி.மீ. கட்டை ஏறத்தாழ ஒரு கிலோ எடை நிற்க வேண்டும். 900 கிராமுக்கும் கீழே இருந்தால் பட்டையை 2.5-இல் தொடங்கி நுனியில் 2-க்குக் கொண்டுபோய், வில்லை 2 அங்குலம் நீளமாக்குங்கள். மெர்பாவுக்கும் இதே கணக்கு. மெராந்தி, நியாத்தோ போன்ற இலேசான மரங்களை இந்தக் குறுகிய உருண்டை வடிவத்தில் வயிறாகப் போட வேண்டாம். ஹிக்கரி அவற்றைவிட விறைப்பு, அதனால் நடுநிலைத் தளம் முதுகுப் பக்கம் நகரும், வயிறு இன்னும் கூடுதலாக அமுங்கும். அவற்றுக்கு அகலமான தட்டைவில்தான் பொருத்தம்.

பட்டைக்கு ஹிக்கரி கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேப்பிள் என்றால் 3 முதல் 3.5 மி.மீ., ஆஷ் என்றால் 4. ஆஷ் மரத்தில் பெரிய துளைகள் நிறைந்த வளையங்கள் இருப்பதால் மெல்லிய பட்டை நம்பகமில்லை. எந்த மரமானாலும் தடிமனைவிட இழையோட்டம் முக்கியம். இழை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பக்கவாட்டையும் பாருங்கள். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் இழை சாய்ந்தாலே, 3 மி.மீ. பட்டையை அது 60 மி.மீ. நீளத்துக்குள் குறுக்கே கடந்து வெளியேறிவிடும். அங்கே இருப்பது முழுநீளப் பட்டையே அல்ல, ஒட்டி அடுக்கிய சிறு துண்டுகள்.

மூங்கில் தனிக் கதை. இழுவையில் அதற்கு நிகர் குறைவு, வலுவெல்லாம் பச்சைத் தோலுக்கு அடியில் உள்ள முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டரில்தான். ஆனால் முதுகு வளைவாக இருப்பதால் தடிமனை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. ஓரத்தில் 1 மி.மீ. வைத்து, உள்பக்கத்தைத் தட்டையாக இழைத்தால் நடுவில் எவ்வளவு வரும் என்பதைக் கழியின் விட்டம் முடிவு செய்யும். 30 மி.மீ. அகலப் பட்டையை 120 மி.மீ. விட்டமுள்ள கழியிலிருந்து எடுத்தால் நடுவில் 2.9 மி.மீ., 100 மி.மீ. கழியில் 3.3, 80 மி.மீ. கழியில் 3.9. 100-க்கு மேல் விட்டமுள்ள பெத்தோங் மூங்கில் சரியானது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு ஜன்னலில் துணி காயப்போடும் கழி வேண்டாம். 38 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. அகலம் எடுத்தால் நடு முகடு மட்டுமே 7 மி.மீ. எழும்பும், கழியின் சுவரே அவ்வளவு தடிமன் இருக்காது. தோல் பக்கத்தை இழைக்காதீர்கள். மெழுகைச் சுரண்டினால் போதும், கணுக்களை இலேசாகத் தடவிச் சமப்படுத்தலாம், வெட்டிச் சமமாக்கக் கூடாது.

6 மி.மீ.க்கு நியாயமான வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வளைவு கொடுத்து, அதாவது நாணுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்துவைத்து ஒட்டும்போது தடித்த பட்டை அந்த வளைவை அதிகம் பிடித்துவைக்கும். 3 மி.மீ. பட்டையும் 18 மி.மீ. வயிறும் சேர்த்து 2 அங்குல எதிர்வளைவில் ஒட்டிக் கிளாம்பை எடுத்தால், 37 விழுக்காடுதான் நிற்கும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக, ஏறத்தாழ முக்கால் அங்குலம். 6-ம் 15-ம் சேர்த்தால் 61 விழுக்காடு. ஆனால் இதற்காகப் பட்டையைத் தடிக்க வைக்க வேண்டியதில்லை. 3 மி.மீ. பட்டை, 6 மி.மீ. நடு அடுக்கு, 12 மி.மீ. வயிறு என்று மூன்றாக ஒட்டினால் 79 விழுக்காடு நிற்கும். நடு அடுக்குக்கு மேப்பிள் போதும். எதிர்வளைவு உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வழியில் போங்கள், முதுகு மெல்லியதாகவே இருக்கட்டும்.

இனி வேலை. டெக்கிங் பலாவ் பெரும்பாலும் ஈரத்தோடுதான் வரும். இறுதி அளவைவிட 3, 4 மி.மீ. கூடுதலாக அறுத்து, பட்டையோடு சேர்த்து ஏர்கான் அறையில் அடுக்கி வையுங்கள். சமையலறைத் தராசில் சில நாட்களுக்கு ஒருமுறை எடை எழுதுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் ஒட்டலாம். ஏர்கான் தொடர்ந்து ஓடாத வீடு என்றால், இரு முனையும் மூடிய நீள பிவிசி குழாயில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து முடித்துக்கொள்ளலாம்.

வீவக வீட்டில் மின் இழைப்பான் ஓட்டுவது கடினம். சுங்கை காடூட் பக்கத்து மரக்கடைகளில் கேட்டால் பட்டையை 4 மி.மீ.வரை இயந்திரத்தில் இழைத்துத் தருவார்கள். அதற்குக் கீழே இயந்திரத்தில் தனியாக விட வேண்டாம், மெல்லிய பட்டை துள்ளி உருளைக்குள் சிதறிவிடும். இன்னும் மெல்லியதாக வேண்டும் என்றால் தடித்த பலகை ஒன்றில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, பலகையோடு சேர்த்து விட வேண்டும். மீதியைக் கை இழைப்புளியில் எடுப்பதே நல்லது. எந்த முகத்தில் இழை சுத்தமாக ஓடுகிறதோ அதை வெளிமுகமாகத் தேர்ந்து பென்சிலால் குறியுங்கள். சரிவை முழுக்க முழுக்க அடிமுகத்தில், பசை படும் பக்கத்தில் மட்டும் எடுங்கள். வெளிமுகத்தில் சரிவு எடுத்தால் இழைகளை வரிசையாக அறுக்கிறீர்கள்.

பட்டையில் 15 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் வெர்னியர் காலிப்பரால் இரு ஓரத்தையும் அளந்து, அந்த எண்ணை மரத்திலேயே எழுதுங்கள். பிடியிலிருந்து நுனிவரை 3.0, 2.9, 2.7, 2.5, 2.3, 2.1 என்று சீராக இறங்க வேண்டும். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். 12 மி.மீ. நுனியில் 0.1 மி.மீ. என்பதே விறைப்பில் 2.5 விழுக்காடு. 0.3 வித்தியாசம் விட்டால் கை முறுக்கிக்கொள்ளும், பிறகு வயிற்றில் எவ்வளவு சுரண்டினாலும் அது முழுதாகப் போகாது.

ஒட்டும் முகங்களை 80 எண் சாண்ட்பேப்பரால் நீளவாட்டில் சொரசொரப்பாக்குங்கள். பலாவில் பிசின் உண்டு, செங்காலிலும் உண்டு. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் நிறம் வராத வரை துடைத்து, உலர்ந்ததும் உடனே ஒட்டுங்கள். டைட்பாண்ட் 3 போதும், இரு முகத்திலும் தடவ வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், விசிறி ஓடும் அறையில் அது சீக்கிரம் தோல் கட்டிவிடும், தனி ஆளாக 1.8 மீட்டர் நீளத்துக்கும் கிளாம்ப் போட்டு முடிப்பது சிரமம். ஒன்று, உதவிக்கு ஆள் வேண்டும், அல்லது மெதுவாக இறுகும் எபாக்சி வேண்டும். கிளாம்புகள் 6, 7 செ.மீ. இடைவெளியில். மெல்லிய பட்டை கிளாம்புக்குக் கிளாம்ப் அலை அலையாக நெளியும் என்பதால் மேலே 10 மி.மீ. தடிமனில் ஒரு பலகைக் கீற்று வைத்து அதன் மேல் இறுக்குங்கள். சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துச் சுற்றியும் இறுக்கலாம், அழுத்தம் எங்கும் சீராக இருக்கும். எபாக்சி என்றால் முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், பசையெல்லாம் வெளியேறி மூட்டு வறண்டுவிடும். டைட்பாண்ட் போன்ற வெள்ளைப்பசை வகையில் தண்ணீர் இருக்கிறது, 3 மி.மீ. பட்டை அதைக் குடித்திருக்கும். கிளாம்பை மறுநாள் எடுத்தாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வளைக்க வேண்டும்.

ஒட்டிய பிறகு முதுகைத் தொடுவது ஓரங்களை உருட்டுவதற்கு மட்டும். ஓர வட்டத்தின் ஆரம் 1.5 மி.மீ. போதும். பட்டையின் தடிமனை மீறி உருட்டினால் முதுகுப் பக்கத்திலேயே பலாவ் எட்டிப் பார்க்கும், பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். டில்லரிங், அதாவது இழுத்துப் பார்த்துப் பார்த்து இரு கைகளும் சீராக வளையும்படி சுரண்டுவது, முழுவதும் வயிற்றில்தான். கப்பியும் கயிறும் போட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுங்கள், 40 பவுண்டைத் தராசு காட்டியதும் அந்த நாளின் இழுப்பு நீளம் எதுவோ அதோடு நிறுத்திவிட்டுச் சுரண்டுங்கள். பலாவ் தூசி மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், முகக்கவசம் இல்லாமல் சாண்ட்பேப்பர் போடாதீர்கள்.

பட்டை அதிகமாகிவிட்டதா என்பதை வில்லே காட்டிக்கொடுக்கும். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை வயிற்றின் மேல் சாய்வாக, ஏறக்குறைய மரத்தைத் தொடும் கோணத்தில் பிடித்து, பிடியிலிருந்து நுனிவரை மெல்ல நகர்த்துங்கள். இழைக்குக் குறுக்காக முடி அளவில் ஒரு கோடு, சில நேரம் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று நான்கு கோடுகள் தெரியும். நகத்தை அதன் மேல் ஓட்டினால் சின்னதாகத் தட்டும். அது கீறல் அல்ல. அமுங்கிய இழைகள் மடிந்த இடம். சாண்ட்பேப்பர் போட்டால் கண்ணுக்கு மறையும், அடியில் அப்படியே இருக்கும். அங்கே சுரண்டாதீர்கள், அதன் இரு பக்கமும் சுரண்டி வளைவைப் பகிர்ந்துவிடுங்கள். கோடு எதுவும் இல்லாமலே, நாணைக் கழற்றியதும் வில் நேராக ஒட்டியிருந்த நிலையிலிருந்து ஓர் அங்குலம் நாண் பக்கம் வளைந்து நின்றால், அதுவும் வயிறு தோற்கிறது என்பதற்கான அடையாளம். 20 அங்குல இழுப்பைத் தொடும் முன்பே அப்படி ஆனால் மேற்கொண்டு இழுக்காதீர்கள்.

அந்த நிலையில் முதுகை மெலிதாக்கத் தோன்றும். ஒட்டிய பட்டையை மேலிருந்து சுரண்டினால் இழை அறுபடும். அதற்குப் பதில் அகலத்தைக் குறையுங்கள். இரு பக்கவாட்டையும் சரித்து, வயிற்றில் 28 மி.மீ. அகலத்தை அப்படியே விட்டு, முதுகில் மட்டும் 22, 23-க்குக் கொண்டுவாருங்கள். குறுக்குவெட்டு சரிவகமாகிவிடும். பட்டையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, ஹிக்கரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நடுநிலைத் தளம் வயிற்றுப் பக்கம் இறங்குகிறது, வயிற்றின் அமுக்கம் தணிகிறது. மெர்பாவ் வயிறு என்றால் சிக்கல் வரும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே இப்படிச் சரித்துவிடுவது நல்லது. 2.5 மி.மீ.யை 1.5 ஆக்குவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

பட்டை போதாமல் போனதன் அடையாளம் வேறு. முதுகின் ஓரத்தில் முள் போல ஓர் இழை கிளம்பும், அல்லது இழுக்கும்போது “டிக்” என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் உடனே நாணைத் தளர்த்துங்கள். சிறு முள் என்றால் மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு, அதன் மேல் பட்டு நூலைச் சுற்றிக் கட்டிக் காப்பாற்றலாம். பசைக்கோட்டுக்குக் கீழே பலாவ் பிளந்திருந்தால் அந்தக் கையை நம்ப முடியாது.

முடிப்புக்கு பாலியூரிதேன் நான்கைந்து பூச்சு, நாண் காடிகளும் நுனியின் குறுக்குவெட்டும் உட்பட. ஈரம் வேகமாக ஏறுவது அந்த வெட்டு முனைகள் வழியாகத்தான். பூச்சு ஈரத்தை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அதனால் வில்லை ஜன்னல் ஓரத்திலோ காரிலோ வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறும் சூட்டில் டைட்பாண்ட் இளகி, அடுக்குகள் வழுக்கும்.

கையிலுள்ள 6 மி.மீ. பட்டையை நடுவில் அறுத்து இரண்டு வில்லுக்கு வைத்துக்கொள்ளலாமா என்பது அடுத்துத் தோன்றும் கேள்வி. பேண்ட்சா (பட்டைவாள் இயந்திரம்) அறுக்கும்போதே 1 மி.மீ. தின்னும், இரு முகத்தையும் சுத்தம் செய்ய இன்னும் கொஞ்சம் போகும், ஒவ்வொன்றிலும் 2.2 மி.மீ. மிஞ்சினால் அதிர்ஷ்டம். பலாவ் நெடுவில்லுக்கு அது போதாது. 7.5 மி.மீ. இருந்திருந்தால் அறுக்கலாம். இதை ஒரே பட்டையாக 3.2-க்கு இழைத்து, அடிமுகத்தில் சரிவு எடுங்கள்.